உப்பும் பவளமும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் மரம் சீவிப் பிழைத்தவர் எவரும் மெட்ரோலாக் என்னும் கருவியை மறந்திருக்க இயலாது. காலைப் பால்வெட்டு முடிந்து வாளிகள் ஸ்டோருக்கு வந்து வரிசையில் நின்றதும், கிராணி ஒரு குவளையில் பாலை முகந்து, குறித்த அளவு நீர் கலந்து, அதனுள் அக்கருவியை மிதக்க விடுவார். பாலில் ரப்பர் மிகுந்திருந்தால் கருவி ஆழ அமிழும். குறைந்திருந்தால் மேலெழுந்து நிற்கும். கருவியின் கழுத்தில் பொறித்த கோடுகளைக் கொண்டு உலர்ந்த ரப்பரின் அளவு கணக்கிடப்பட்டது. சீவியவரின் கூலி அந்தக் கோட்டைப் பொறுத்து ஏறவும் இறங்கவும் செய்தது.

மெட்ரோலாக் ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்லும். நீர்மத்தின் அடர்த்தி எவ்வளவு என்பதே அது. அவ்வடர்த்திக்குக் காரணமான பொருள் யாது என்பதை அது சொல்லாது. பாலில் வேறொன்று கலந்திருந்தாலும், வெயிலில் பால் சூடேறியிருந்தாலும், கருவி தன் போக்கில் ஒரு கோட்டைக் காட்டி நிற்கும். ஒரு சிறு அளவு பாலை உறைய வைத்து, உலர்த்தி, தராசில் நிறுத்துப் பார்த்தாலன்றி உண்மை புலப்படாது. இதனைத் தோட்டத்து மக்கள் தம் கூலியின் வாயிலாகவே அறிந்திருந்தனர்.

இதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு மிதவைக் கருவி தூத்துக்குடி உப்பளங்களில் வழங்குகிறது. பிரெஞ்சு நாட்டு அந்துவான் போமே 1768-இல் வகுத்த அளவுமுறை அதில் பொறிக்கப்பட்டுள்ளது. மூன்றாவதாக ஒன்று, வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்ப்போரின் கையில் உள்ளது. கடலிலிருந்து உப்பைப் பிரிக்கும் தொழிலுக்கும், உப்பிலிருந்து கடலை ஆக்கும் முயற்சிக்கும் ஒரே வகைக் கருவி பயன்படுவது வியப்பன்று. ஆனால் அக்கருவி சொல்லாமல் விடுவதைச் சொல்லிவிட்டதாக எண்ணியதால் நேர்ந்த பிழைகள் இவ்வரலாற்றில் பல.

உப்பைப் பற்றித் தமிழருக்குப் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டு சென்று நெல்லுக்கு மாற்றிய உமணரைச் சங்க இலக்கியம் விரிவாகவே காட்டுகிறது. 1930-ஆம் ஆண்டு இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணியம் வரை நடந்தவர்கள் ஒரு கைப்பிடி உப்புக்காகச் சிறை சென்றதையும் பள்ளி மாணவர் அறிவர். சித்த மருத்துவமோ கறியுப்பு, இந்துப்பு, வெடியுப்பு, வளையலுப்பு என உப்புகளைப் பலவாகப் பிரித்து, ஒன்றன் இடத்தில் மற்றொன்றை இடலாகாது எனக் கண்டிப்பாக வரையறுத்தது. உப்பு என்பது ஒரு பொருளின் பெயரன்று, ஓர் இனத்தின் பெயர் என்னும் தெளிவு நம் மருத்துவரிடம் இருந்தது. சமையலறைதான் அதனை ஒருமையாகச் சுருக்கிவிட்டது.

கடல்நீரில் கரைந்துள்ளவை எவை என்னும் ஆய்வு ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் முறையாகத் தொடங்கியது. எந்தக் கடலின் நீரை எடுத்தாலும் உப்பின் மொத்த அளவு மாறுபடலாமே தவிர, உப்புகள் ஒன்றற்கொன்று நிற்கும் விகிதம் ஏறத்தாழ மாறுவதில்லை என்னும் கருத்தை அலெக்சாந்தர் மார்செட் 1819-இல் முன்வைத்தார். தென்மார்க்கு நாட்டின் ஃபோர்க்காமர் 1865-இல் அதனை வலுப்படுத்தினார். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த சேலஞ்சர் கப்பல் திரட்டிய நீரில் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் பகுத்து, 1884-இல் அதனை ஐயத்திற்கு இடமின்றி நிறுவினார். சராசரிக் கடல்நீர் ஒரு கிலோகிராமில் 35 கிராம் உப்பு உண்டு. அதில் குளோரைடு 19 கிராமுக்குச் சற்று மேல், சோடியம் 10.8 கிராம், சல்ஃபேட்டு 2.7 கிராம், மக்னீசியம் 1.3 கிராம், கால்சியமும் பொட்டாசியமும் தனித்தனியே 0.4 கிராம் அளவின. பைகார்பனேட்டு, புரோமைடு, போரான், ஸ்ட்ரான்சியம் ஆகியவை மிகச் சிறிய அளவில் உள்ளன. அளவில் சிறியவை என்பதால் அவற்றின் பணியும் சிறிதென்று கொள்ளலாகாது.

இனி உப்பளத்திற்கு வருவோம். கடல்நீரை வெயிலில் வற்றவிட்டால் எல்லா உப்பும் ஒருங்கே படிவதில்லை. உசில்யோ என்னும் வேதியியலார் 1849-இல் மத்தியதரைக் கடல்நீரை வற்ற வைத்து இவ்வரிசையைக் கண்டு குறித்தார். முதலில் கால்சியம் கார்பனேட்டு படிகிறது. நீர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போது ஜிப்சம் படிகிறது. பத்தில் ஒரு பங்காகும்போதுதான் சோறாக்கும் உப்பு படிகத் தொடங்குகிறது. மக்னீசியமும் பொட்டாசியமும் புரோமைடும் கடைசிவரை கரைந்தே நின்று கசப்பு நீராக எஞ்சுகின்றன. தூத்துக்குடி அளத்தொழிலாளர் இதனை நூலில் படித்தவரல்லர். பாத்திக்குப் பாத்தி நீரை மாற்றும் பழக்கத்தால் அறிந்தவர்கள். முன் பாத்திகளில் சுண்ணாம்பும் ஜிப்சமும் தங்கிவிடுகின்றன. கடைப் பாத்தியில் உப்பு விளைந்ததும் கசப்பு நீர் வடிக்கப்படுகிறது. வடிக்காமல் விட்டால் உப்பு கசக்கும். மழைக்காலத்தில் பானையிலேயே நீர்த்துக் கசியும். தோட்டத்து வீடுகளில் அடுப்பங்கரை உப்புச் சாடி அடைமழை நாளில் வியர்த்து நின்றதற்கு, அவ்வாறு எஞ்சிய மக்னீசியம் குளோரைடே பெரும்பாலும் காரணம்.

ஆகவே, நல்ல உப்பு என்று நாம் போற்றுவது கடலின் பெரும்பகுதி நீக்கப்பட்ட ஒரு பொருள். கால்சியத்தை முன்னே கழித்து, மக்னீசியத்தைப் பின்னே கழித்து, நடுவில் நின்ற சோடியம் குளோரைடை மட்டும் அள்ளி எடுப்பதே உப்பளக் கலை. அதனை மீண்டும் நீரில் கரைத்தால் உப்புநீர் கிடைக்கும், கடல்நீர் கிடைக்காது. மிதவைக் கருவியோ இரண்டிற்கும் ஒரே கோட்டைக் காட்டும்.

கடலுயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்துக் காணும் ஆர்வம் இங்கிலாந்தில் 1850-களில் பெருகியது. விலங்கும் தாவரமும் ஒரே தொட்டியில் ஒன்றையொன்று தாங்கி வாழும் முறையை ரொபர்ட் வாரிங்டன் 1850-இல் விளக்கினார். 1853-இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. இலண்டனுக்குக் கடல்நீரைப் பீப்பாய்களில் கொண்டுவருவது பெருஞ்செலவாக இருந்தமையால், ஃபிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கையறிஞர் 1854-இல் கடல்நீரைத் தாமே செய்ய முற்பட்டார். ஆங்கிலக் கால்வாய் நீரை சுவைட்சர் பகுத்து வெளியிட்டிருந்த கணக்கை அடிப்படையாகக் கொண்டு அவர் ஒரு கலவையை வகுத்தார். சாப்பாட்டு உப்பு மூன்றரை அவுன்சு, எப்சம் உப்பு கால் அவுன்சு, மக்னீசியம் குளோரைடு 200 கிரெயின், பொட்டாசியம் குளோரைடு 40 கிரெயின். இவற்றை நான்கு குவார்ட்டுக்குச் சற்றுக் குறைந்த நீரில் கரைக்க வேண்டும். நம் அளவில் சொன்னால், நாலரை லிட்டர் நீருக்கு முறையே 100, 7, 13, 2.6 கிராம். இக்கலவையில் அவர் முதலில் கடற்பாசியையும் பின்னர்ச் சிற்றுயிர்களையும் இட்டார். அவை உயிரோடிருந்தன. முயற்சி வெற்றி என அறிவிக்கப்பட்டது.

அப்பட்டியலைக் கூர்ந்து நோக்கினால் அதில் கால்சியம் என ஒன்று இல்லாமை புலப்படும். மூலக் கணக்கில் இருந்த சுண்ணாம்பு உப்புகளை அவர் தவிர்க்கத்தக்கவை எனக் கருதி விட்டுவிட்டார். அவரது காதலுக்குரிய உயிர் கடற்சாமந்தி. அதற்கு எலும்பும் இல்லை, ஓடும் இல்லை. அதனால் அக்குறை வெளிப்படாது போயிற்று. அக்காலத்து வேதியியலின் நிலையில் காஸ் செய்தது பெரிய செயலே என்பதில் ஐயமில்லை. எனினும் அதே நீரில் ஒரு பவளத்தை இட்டிருந்தால் அது தன் கூட்டை ஓர் அணுவளவும் வளர்த்திருக்காது.

பவளம் என்னும் சொல்லைப் பற்றி ஈண்டு ஒன்று கூறுதல் வேண்டும். நவமணிகளுள் ஒன்றாக நம் புலவர் பாடிய செம்பவளம் மத்தியதரைக் கடலில் விளைவது. அது வணிகத்தின் வழி இந்தியத் துறைமுகங்களுக்கு வந்ததை, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூல் குறிக்கிறது. வெப்பக் கடல்களில் பாறையாக வளரும் கற்பவளம் வேறு. இலங்கைத் தமிழர் அதனை முருகைக்கல் என்று தனிப் பெயரிட்டு வழங்குவது மிகப் பொருத்தமானது. பழைய பாடநூல்கள் பவளப் பூச்சி என்று எழுதிவந்ததும் சரியன்று. அது பூச்சியன்று, கடற்சாமந்தியின் உறவினம். அதன் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து வெளிச்சத்தைக் கொண்டு உணவாக்குகின்றன. பவளமோ நீரிலுள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் இணைத்துச் சுண்ணாம்புக் கூடு கட்டுகிறது. நீரில் மக்னீசியம் போதிய அளவு இல்லையாயின், அவ்விரண்டும் பவளத்திற்குக் கிட்டும் முன்னரே தாமாக இணைந்து வெண்மாவாகப் படிந்துவிடும். உப்பளத்தில் கழிக்கப்படும் மூன்றும், பவளத்தின் உயிருக்கு வேண்டிய மூன்றும் ஒன்றே என்பது இதனால் விளங்கும்.

தூத்துக்குடிக் கரையில் இம்முரண் கண்கூடாகவே நிகழ்ந்தது. கரையில் அளங்கள் கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைக் கழித்துக்கொண்டிருக்க, எதிரே மன்னார் வளைகுடாத் தீவுகளில் பவளப் பாறைகள் பெயர்க்கப்பட்டுச் சுண்ணாம்புக்காகவும் கார்பைடுத் தொழிலுக்காகவும் கரைசேர்ந்தன. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் நீரில் அமிழ்ந்து மறைந்தன. 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளங்கள் 2001-இல் இந்திய வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்ந்தன. பாறை பெயர்ப்பது 2005 அளவில்தான் நின்றது.

அவ்வளைகுடாவின் உயிர்களை 1890-இல் நூலாக வெளியிட்ட எட்கர் தர்ஸ்டன், சென்னை அருங்காட்சியகத்தின் தலைவர். அவர் திட்டமிட்ட கடல்மீன் காட்சிச்சாலை 1909-இல் மெரினாக் கடற்கரையில் திறக்கப்பட்டது. 1919-இல் அது மீன்வளத் துறையின் பொறுப்பில் வந்தது. ஜப்பானியப் படையெடுப்பு அச்சத்தால் 1942-இல் மூடப்பட்டது. சிங்கப்பூரின் வான் கிளீஃப் மீன் காட்சிச்சாலை 1955 முதல் 1991 வரை இயங்கியது. நியூ கலிடோனியாத் தீவில் ரெனே கத்தாலா 1956-இல் திறந்த நிலையத்தில் உயிருள்ள பவளங்கள் நெடுங்காலம் வாழ்ந்தன. கடலை ஒட்டி அமைந்த நிலையத்திற்குக் கடல்நீரே போதும், கலவை வேண்டியதில்லை.

நம் வட்டாரத்திற்கு உரிய பெருமை ஒன்றும் உண்டு. ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், வடிகட்டி ஏதுமின்றி, உயிர் ஒட்டிய பவளக் கற்களையும் மெல்லிய காற்றுக் குமிழிகளையும் மட்டுமே கொண்டு வீட்டுத் தொட்டியில் பவளங்களை வளர்த்தார். அம்முறையை 1961-இல் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழொன்றில் எழுதினார். கற்களில் வாழும் நுண்ணுயிர்களே நீரைத் தூய்மை செய்யும் என்னும் அவர் கருத்தை அக்காலத்தில் பலர் நம்பவில்லை. இன்று உலகெங்கும் பவளத் தொட்டி வைப்போர் பின்பற்றுவது பெரிதும் அவர் வழியே. அவருக்கும் கடல்நீர் அருகிலேயே கிடைத்தது.

கடல் இல்லாத ஊருக்குக் கடலைக் கொண்டுசெல்லும் வணிகம் 1964-இல் அமெரிக்காவில் வெளிவந்த இன்ஸ்டன்ட் ஓஷன் என்னும் பொதியோடு பரவியது. ஜெர்மனியின் டிராபிக் மரின் முதலியவை அதே பத்தாண்டில் தோன்றின. காஸ் விட்டுவிட்ட கால்சியம் முதல், அளவில் மிக நுண்ணிய பொருள்கள் வரை இவற்றில் சேர்க்கப்பட்டன. 1990-களின் பிற்பகுதியில் அட்கின்சன், பிங்மன் என்னும் இருவர் எட்டு வணிகக் கலவைகளைப் பகுத்தபோது, பெரும்பகுதி உப்புகள் கடலின் விகிதத்தை ஒட்டியே இருந்தன. நுண்பொருள்களோ சிலவற்றில் கடலினும் மிக அதிகமாகக் காணப்பட்டன. தொழிற்சாலை உப்பு எத்துணைத் தூயதாயினும், மூட்டை மூட்டையாகச் சேர்க்கும்போது அதன் மாசும் சேரும். செம்பும் துத்தநாகமும் முதுகெலும்பற்ற கடலுயிர்களுக்கு நஞ்சு.

போர்ட் டிக்சனைச் சூழ்ந்த லுக்குட், சிலியாவ், லிங்கித் தோட்டங்களிலிருந்து கடல் நெடுந்தொலைவன்று. சிரம்பானிலிருந்து போர்ட் டிக்சனுக்கு 1891-இல் புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டது. காப்பியையும் பின்னர் ரப்பரையும் துறைமுகத்திற்கு ஏற்றிச் சென்ற அப்பாதை, தோட்ட மக்களையும் கடற்கரைக்குக் கொண்டுசென்றது. தெலுக் கெமாங் கடற்கரைக்கு அப்பால், போர்த்துகீசியர் கேப் ரச்சாடோ என அழைத்த தஞ்சோங் துவான் முனை உள்ளது. நெகிரி செம்பிலானால் சூழப்பட்டிருந்தும் அது மலாக்கா மாநிலத்திற்கு உரியது என்பது எல்லைக் கோடுகளின் விளையாட்டு. அம்முனையின் அடியிலும் அதனை ஒட்டிய கரையிலும் கற்பவளப் பாறைகள் உள்ளன. கடலாடச் சென்ற குடும்பங்களுள் தம் காலடிக்கு அண்மையில் அவை உயிரோடிருப்பதை அறிந்தவை மிகச் சில.

அறியாமை ஒருபுறமிருக்க, தோட்டங்களுக்கும் அப்பவளங்களுக்கும் உள்ள தொடர்பு நெருக்கமானது. தொடக்ககாலத் தோட்ட நிருவாகங்கள் மரங்களுக்கிடையே ஒரு புல்லும் முளைக்காதவாறு தரையைத் துடைத்து வைக்குமாறு ஆணையிட்டன. அந்தப் புல்வெட்டு வேலையைச் செய்தவர்கள் நம் பெண்களும் சிறுவர்களுமே. வெறுந்தரையில் பெய்த மழை மேல்மண்ணை அரித்துச் சென்றது. 1920, 1930-களில் மூடுபயிர்க் கொடிகளைப் பரப்பும் வழக்கம் வந்தபின்னர்தான் அவ்வரிப்பு தணியத் தொடங்கியது. ஈயச் சுரங்கங்களின் கழிமண்ணும் அவ்வாறே ஆறுகளில் கலந்தது. லிங்கி ஆறு தஞ்சோங் துவானுக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. பிற்காலத்தில் கடற்கரை விடுதிகளும் நிலமீட்பும் கலக்கத்தை மேலும் கூட்டின. வெளிச்சத்தை நம்பி வாழும் உயிருக்குச் சேற்றுநீர் ஓயாத பட்டினி. உருண்டு திரண்ட வடிவுடைய உறுதியான இனங்களே அந்நீரில் ஓரளவு நிலைத்துள்ளன. கடலின் உப்பு விகிதம் சிறிதும் மாறவில்லை. மாறியது நீரின் தெளிவு. இங்கும் மிதவைக் கருவி எதையும் சொல்லியிருக்காது.

சிரம்பானில் ஒருவர் பவளத் தொட்டி அமைக்க விரும்பினால், முப்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடலிலிருந்து நீர் முகந்து வரலாகாதா என்னும் வினா எழும். மலாக்கா நீரிணையின் நீர் ஆறுகளின் வரவால் உப்புக் குன்றியது. பல இடங்களில் 30 கிராமை ஒட்டியே நிற்கும். பெருமழைக்குப் பின் இன்னும் குறையும். அதனோடு சேறும் எண்ணெயும் கலந்திருக்கும். ஆகவே கடலருகே வாழ்வோரும் பொதி உப்பையே நாடுகின்றனர். பவளத்தையும் நினைத்தவாறு பெயர்த்து வர இயலாது. கற்பவள இனங்கள் அனைத்தும் 1990 முதல் அருகிவரும் உயிரின வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன.

பொதியைத் தேர்வதில் விலையும் விளம்பரமும் முதலில் கண்ணில் படும். அவற்றை விட்டு, உறையின்மீது அச்சிட்ட மூன்று எண்களைக் காண வேண்டும். 35 கிராம் அளவுக்குக் கரைத்தபின் கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், மக்னீசியம் 1,250 முதல் 1,350 மில்லிகிராம் இருத்தல் நன்று. மூன்றாவது காரத்தன்மை. இயற்கைக் கடலில் அது ஜெர்மானிய அளவில் ஏழு பாகை அளவினது. பவளம் விரைந்து வளர வேண்டும் என்பதற்காகச் சில கலவைகள் அதனைப் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் உயர்த்தி வைத்துள்ளன. கூடு கட்டுவதில் விரையும் கற்பவளம் நிறைந்த பெருந்தொட்டிக்கு அது ஒருவாறு பொருந்தும். மென்பவளம் சிலவற்றோடு தொடங்குபவருக்குக் கடலின் அளவை ஒட்டிய எளிய கலவையே தகும். ஒரு கலவையில் தொடங்கி இடையில் வேறொன்றுக்குத் தாவுவதால் நேரும் ஏற்ற இறக்கம், இரண்டாம் தரக் கலவை ஒன்றினையே தொடர்ந்து பயன்படுத்துவதைவிடக் கேடு விளைவிக்கும்.

கரைக்கும் நீரும் கலவைக்கு இணையான கவனத்திற்குரியது. குழாய்நீரில் குளோரின் உண்டு. தகரக் கூரையில் விழுந்து பீப்பாயில் சேரும் மழைநீரில் துத்தநாகம் கலந்திருக்கும். தோட்டத்து லயங்களில் குடிக்கவும் குளிக்கவும் பயன்பட்ட நீராயினும் பவளத்திற்கு அது ஆகாது. சவ்வூடு பரவல் முறையில் வடித்த நீரே ஏற்றது. லிட்டருக்கு ஏறத்தாழ 36 முதல் 38 கிராம் பொதி உப்பு வேண்டும். அதில் சில உப்புகள் தம்முள் நீரைப் பிணைத்து வைத்திருப்பதால் கணக்கு 35-ஐத் தாண்டுகிறது. உப்பை நீரில் இட வேண்டுமேயன்றி, உப்பின்மேல் நீரை ஊற்றலாகாது. ஊற்றினால் செறிந்த உப்பில் கால்சியம் கார்பனேட்டாகப் படிந்து வீணாகும். உயிர்கள் உள்ள தொட்டியில் நேரே இடுவதும் கூடாது. தனி வாளியில் ஓரிரவு கலக்கி, தெளிந்தபின் சேர்க்க வேண்டும்.

நம் நாட்டுக் காற்றின் ஈரம் இத்தொழிலில் தனிச் சிக்கல். மக்னீசியம் குளோரைடு காற்றின் நீரை உறிஞ்சும். திறந்து வைத்த பொதி ஓரிரு மாதத்தில் கல்லாக இறுகும்; உறிஞ்சிய நீரின் எடையும் சேர்வதால், அதே எடை உப்பை இட்டாலும் கரைசல் மெலியும். நெடுவழி வண்டியில் குலுங்கி வந்த பொதியில் நுண்துகள் அடியிலும் பெருந்துகள் மேலும் பிரிந்து நிற்பதும் உண்டு. அதனால் முதல் வாளிக்கும் கடைசி வாளிக்கும் கால்சியத்தின் அளவு வேறுபடும். பொதியை உருட்டிக் கலக்கி, காற்றுப் புகாத கலத்தில் அடைத்து, ஒவ்வொரு கலவையிலும் மிதவைக் கருவியோடு கால்சியச் சோதனைத் துளிகளையும் பயன்படுத்துவதே வழக்கம். அச்சோதனைக்குப் பத்து நிமிடத்திற்கு மேல் ஆவதில்லை.